அக்னஸ் செய்யாத சத்தியம்

“தின்னது யாருன்னு இப்பத் தெரிஞ்சாகணும்!”

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லூர்துராணி அம்மாள் போட்ட சத்தம் தென்னூரில் தெருக்கோடி வரை கேட்டது. வீடே ஒருசந்தி இருக்கும் நாள். மாலைக் கஞ்சி வரைக்கும் பல்லில் ஒன்றும் படக்கூடாது. ஈஸ்டருக்கென்று இரண்டு நாள் அடுப்படியில் வெந்து சுட்டு வைத்த அதிரசமும் சோமாசியும் விடிவதற்குள் காணோம். இரண்டு டின்னும் காலி.

யாரைக் கேட்பது? மருமகள் என்று ஒருத்தி இருக்கும்போது மாமியாருக்கு வேறு ஆள் எதற்கு!

“மணப்பாறைக்குக் கட்டி அனுப்பிட்டியா அக்னஸ்? நேத்து உன் தம்பி வந்துட்டுப் போனப்பவே நெனச்சேன்...”

“இல்லீங்க அத்தை... நான் தொடவே இல்ல.”

“அப்ப யாரு? உனக்குத் தெரியாம இந்த அடுப்படியில ஈ பறக்குமா?”

அக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

மூடிய அறைக்குள் இருந்தாள் நாத்தனார் பேட்ரிசியா. 1984-ஆம் வருஷம், அவள் நடித்த இரண்டு படம் ஓடி முடிந்து, மூன்றாவது படத்தின் போஸ்டர் காந்தி மார்க்கெட் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. அவள் ஊருக்கு வந்துவிட்டால் காலேஜ் பெண்கள் கேட்டில் தொற்றிக்கொண்டு, “என்னக்கா சாப்பிடுறீங்க, இப்படிக் கொடி மாதிரி இருக்கீங்க?” என்று கேட்பார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்பது அக்னஸுக்குத்தான் தெரியும். பகலெல்லாம் பட்டினி கிடப்பாள். வீடு அடங்கியதும் கையில் கிடைத்ததை அள்ளி அள்ளி விழுங்குவாள். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையையும் வாந்தி எடுப்பாள்.

“அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க... பைத்தியம்னு பத்திரிகையில எழுதிடுவாங்க!” என்று ஒருநாள் அவள் காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். இளகிய மனசுக்காரி அக்னஸ் வாக்குக் கொடுத்துவிட்டாள். பேட்ரிசியா ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் குளியலறையைக் கழுவியதும் அக்னஸ்தான்; அடுப்படியில் குறைந்ததற்கெல்லாம் திட்டு வாங்கியதும் அவள்தான்.

லூர்துராணி அம்மாள் மருமகளைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“தொட்டுச் சொல்லு. யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லு, விட்டுடறேன்.”

நான் எடுக்கவில்லை என்று ஆயிரம் தடவை சொல்லலாம். தெரியாது என்று, அதுவும் ஆண்டவர் செத்த நாளில், எப்படிச் சொல்வது? சொன்னால் பொய்ச் சத்தியம். சொல்லாவிட்டால் திருடி. பாதி உயர்ந்த கை தானாகக் கீழே இறங்கியது.

“பாத்தியாடா! கை எறங்குது பாத்தியா!”

அக்னஸின் புருஷன் பிலோமின்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. ஈஸ்டர் கழியட்டும், பாக்கலாம்.”

பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்ததற்கு இதுதான் கூலி! சேலைகளை மடித்துப் பையில் வைக்கும்போது பாழாய்ப்போன கண்ணீர் நிற்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. ஸ்ரீரங்கத்தில் மறுநாள் திறக்கப்போகும் ஜவுளிக்கடையின் மேனேஜர் ரெங்கராஜ் வந்திருந்தார். ரிப்பன் வெட்டப்போவது பேட்ரிசியா. அவள் கட்ட வேண்டிய பட்டுச் சேலையும், அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டும் கொண்டுவந்திருந்தார். லூர்துராணி அம்மாள் அவரை வாசலிலேயே இருக்கச் சொல்லி, அதை வாங்கிக்கொண்டு, முகத்தையும் குரலையும் மாற்றிக்கொண்டு, மகளின் கதவைத் தட்டினாள்.

பேட்ரிசியா வெளியே வந்தாள். கன்னம் வீங்கி, கண் சிவந்திருந்தது. பையும் கையுமாக நின்ற அக்னஸைப் பார்த்தாள்.

“அண்ணி எங்க போறாங்க?”

“திருடுனவ போறா. நீ இந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பாரும்மா.”

“நான்தாம்மா தின்னேன்.”

“என்னடி சொல்ற?”

“ரெண்டு டின்னும் நான்தான்! தின்னு, அத்தனையும் வாந்தி எடுத்தேன். நேத்து மட்டுமில்லம்மா... ரெண்டு வருஷமா. இன்னிக்கோட விட்டுடணும்னு தினமும் நினைக்கிறேன்... முடியலம்மா! அண்ணிக்குத் தெரியும். நான்தான் அவங்க வாயைக் கட்டிப்போட்டேன்.”

“ஐயோ... என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்ககிட்டயா? ஒரு சுத்து பெருத்தா ஹீரோயினுக்கு அக்கா வேஷம்தான்னு, நான் தட்டுல கை வெக்கிறப்பல்லாம் சொன்னது யாரும்மா?”

லூர்துராணி அம்மாள் ஜாக்கெட்டும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே மருமகள் பக்கம் திரும்பினாள்.

“அக்னஸ்... இந்த நாள்ல உன்னைச் சிலுவையில ஏத்திட்டேனே! என்னை மன்னிச்சுடும்மா...”

பிலோமின்ராஜ் பையை வாங்கக் கை நீட்டினான். அக்னஸ் கொடுக்கவில்லை.

“உங்களோட அப்புறம் பேசறேன்” என்றாள். பிறகு மாமியாரை நேராகப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. “இது திமிரும் இல்ல, பேயும் இல்ல அத்தை. வியாதி. டாக்டர்கிட்ட காட்டணும். நாளைக்குக் கடைத் திறப்பு, திங்கக்கிழமை ஷூட்டிங்னு போனா இவ நமக்கு மிஞ்ச மாட்டா. கையில ஜாக்கெட்டை வெச்சுக்கிட்டு என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க.”

லூர்துராணி அம்மாள் தன் கையைப் பார்த்தாள். எழுந்தாள். தட்டுத் தடுமாறி வாசலுக்குப் போனாள். கேட்டில் நாலைந்து பெண்கள் வழக்கம்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, இதை எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு என் மக வரமாட்டா.”

“என்னம்மா இது! ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சுங்களே!” என்று பதறினார் ரெங்கராஜ்.

“அவளுக்கு உடம்பு சரியில்லப்பா. ரெண்டு வருஷமா சரியில்ல... பெத்தவளுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அம்மாவின் குரல் உள்ளே கேட்டது. இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத பேட்ரிசியா, அண்ணியின் தோளில் விழுந்து, எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதாள். அக்னஸ் பையைக் கீழே போட்டுவிட்டு அவளை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.