கால் திருப்பம்

நடனக் குழுவின் தலைவி நாற்காலியில் உட்காரவே இல்லை. தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லி முடித்தாள். கூட வந்த கணவர்தான் சௌகரியமாக உட்கார்ந்தார், தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விஷயம் இதுதான். ஏழு மாதம் ஒத்திகை பார்த்து அவள் உருவாக்கிய புதிய நவீன நடனம், நாளை தொடங்கி ஐந்து ஊர் அரங்குகளில் நடக்க வேண்டும். போன வாரம் வேறொரு குழு அதே நடனத்தை வேறு பெயரில் ஆடிவிட்டது. போதாக்குறைக்கு இவள்தான் திருடி என்று எழுதியும் போட்டுவிட்டது. திருடனே "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டு ஓடுகிற கதை. இன்று மாலைக்குள் நடனம் தன்னுடையதுதான் என்று அவள் காட்டாவிட்டால் ஐந்து அரங்கும் கிடையாது என்று அரங்க மேலாளர் சொல்லிவிட்டார். ஒத்திகையில் செல்போனுக்கு அனுமதி இல்லாததால் ஆதாரத்துக்கு ஒரு வீடியோகூட இல்லை. இருப்பது அவள் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று. அதை நேற்று உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்கிறார்கள்.

"இனிமே நான் எதைச் செஞ்சாலும் எங்கேருந்து சுட்டதுன்னுதான் கேப்பாங்க, சார்," என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். பேச்சின் நடுவே அங்கங்கே நின்று மூச்சு விடுவதால் அவருக்குக் கமா என்று பெயர். வேண்டாத வேலையாகத் துப்பறிவார். அவர் மனைவியின் தம்பி டாக்சி ஓட்டுகிறவன். வழக்கு ஒன்று வந்துவிட்டால் டாக்சி நகராது, வாய்தான் ஓடும்.

அந்தக் குழுவின் ஆட்டத்தை யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோவைத் தலைவி காட்டினாள். மூன்று இடங்களில் நிறுத்தினாள். "இங்க மட்டும் அசிங்கமா இருக்கு. காலை வெளியே திருப்பி வச்சுட்டு, அப்புறம் தத்தக்கா பித்தக்கான்னு ரெண்டடி நகர்ந்து கூட ஆடுறவன் தோளைப் பிடிக்கிறா. என்னுது இப்படி இல்ல."

கணவர் சிரித்தார். "அவ கண்ணுக்கு எல்லாமே குறைதான் சார். ஒரு ஒத்திகை விடாம கடைசி வரிசைல உக்காந்து பாத்தவன் நான். அச்சு அசல் இதேதான்."

நோட்டு எப்போதும் உடை மாற்றும் அறையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் தலைவியின் சந்தேகம் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் முக்கிய ஆட்டக்காரி மேல். நெட்டையின் அக்கா அந்தக் குழுவில் ஆடுகிறாள். முந்தாநாள்தான் நெட்டையைத் தலைவி வேலையை விட்டு அனுப்பியிருந்தாள். மச்சினனுக்கு அது போதும். கேஸ் முடிந்துவிட்டது, அத்தான் வீணாக நோட்டைப் புரட்டுகிறார் என்று முணுமுணுத்தான். கமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் அரங்கில் கூடினார்கள். மேடையில் கறுப்பு விரிப்பை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நெட்டை கண் சிவந்து வந்திருந்தாள். குழுவின் விளக்குக்காரர் ஏணியிலிருந்து தொந்தியோடு மெதுவாக இறங்கினார்.

கமா ஒரே ஒரு வரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருந்தார். "வலப்பக்கம் கால் திருப்பம், பிறகு தோளைப் பிடி." ஒவ்வொருவராக மேடையேறி, இதைப் படித்து, செய்து காட்ட வேண்டும் என்றார்.

நெட்டை தாளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உடம்பு முழுவதும் வலப்பக்கம் கால்வாசி திரும்பினாள். கை தானாக எதிர் ஆளின் தோள் உயரத்துக்குப் போனது. விளக்குக்காரரும் சிரமப்பட்டு அப்படியே திரும்பினார். அந்த இடத்தில்தான் விளக்கு மாற்றுவாராம். அடுத்து கணவர் வந்தார். தாளை இரண்டு முறை படித்தார். வலது காலை நீட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்.

தலைவி அந்தப் பாதத்தையே பார்த்தாள்.

"நோட்டுல இந்த வரி மூணு இடத்துல வருது," என்றார் கமா. "ஆட்டத்தைப் பாத்தவங்களுக்குக் கால்னா, கால்வாசி. நோட்டை மட்டும் படிச்சவங்களுக்குத்தான், கால்னா கால். அந்தக் குழு மூணு இடத்துலயும் காலைத் திருப்பியிருக்கு. உடம்பு திரும்பாததால தோள் எட்டல, ரெண்டடி நகர வேண்டியதாச்சு. நெட்டை குடுத்திருந்தா, இந்தத் தப்பு வந்திருக்காது. விளக்குக்காரர் குடுத்திருந்தாலும் வந்திருக்காது. அவங்க ஆடுனது இந்த நோட்டைத்தான் மேலாளர் சார், அதுவும் பிழையோட. பிழை எப்பவும், காப்பி எடுத்தவங்க கிட்டதான் இருக்கும்."

மேலாளர் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார். நாளை ஆட்டம் உண்டு, மற்ற நான்கு ஊருக்கும் தானே பேசுவதாகச் சொன்னார்.

கணவர் முதலில் மழுப்பினார், பிறகு எல்லாம் கொட்டிவிட்டார். அங்கே இணை இயக்குநர் என்று போஸ்டரில் பேர் போடுகிறோம் என்றார்களாம். இங்கே குழுவுக்கு லாரி பிடிக்கிற ஆளாகவே காலம் போய்விடும் என்று பயமாம். நோட்டைப் படம் பிடித்து அனுப்பினார். கால் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டபோது, நடனத்தில் கால் என்றால் கால்தானே என்று இவரேதான் சொன்னாராம். ஒத்திகை நேரமெல்லாம் வெளியே காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நம்பிக் கழுத்தை நீட்டினவளை அறுப்பது என்பது இதுதான்.

தலைவி நெட்டையிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். நெட்டை முடியை அள்ளி முடிந்துகொண்டு மேடைக்குப் போனாள்.

பிறகுதான் தலைவி கணவர் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசத்துல ஒரு நாள் கூடவா பாக்கல?"

அவர் விரிப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரிலேருந்து விழுந்து எட்டு மாசம் படுத்த படுக்கையா இருந்தீங்க. முதுகு புண்ணாயிடக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தோளைப் பிடிச்சு, கால்வாசி கால்வாசியாத் திருப்பிப் படுக்க வப்பேன். அதைத்தான் ஆட்டமா போட்டேன். உங்களுக்காகத்தான் போட்டேன். ஒரு நிமிஷம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீ சொல்லவே இல்லையே," என்றார் அவர்.

"நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறி, எல்லோரையும் அவரவர் இடத்தில் நிற்கச் சொன்னாள்.