குட்டிகளுக்கு ஒரு புது விளையாட்டு

துரை அன்றைக்குக் கைலாசத்தின் கையை நக்கவில்லை.

கல்கட்டுக்குள் அவர் காலை வைத்தால் போதும், மூன்று குதிரைக் குட்டிகளில் அதுதான் முதலில் ஓடி வரும். வந்து உள்ளங்கையை நாக்கால் துழாவும். இன்றும் ஓடித்தான் வந்தது. ஆனால் நீட்டிய கையைத் தாண்டி, மூக்கை நேரே அவர் வயிற்றில் கொண்டுவந்து வைத்தது. அழுத்தியது. உள்ளே எதையோ தேடுவதுபோல வேட்டி மடிப்பின் மேல் உதட்டைப் பரப்பிப் பைய முகர்ந்தது. பிறகு துணியைப் பல்லால் கவ்வி வெடுக்கென்று இழுத்தது.

"ஏ மூதி! ஒரு மாசம் காணலைன்னதும் ஆளையே திங்கப் பாக்கியா?"

கைலாசம் சிரித்துக்கொண்டே அதன் கன்னத்தில் தட்டினார். துரை நகரவில்லை. பின்னால் பவளமும் சங்கும் வந்து நின்றன. அவையும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், இலஞ்சி விலக்கை ஒட்டி இருந்தது அந்தக் கல்கட்டு. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே கருங்கல் சுவர். சுவர் மேல் உடைமுள். உள்ளே புல்லும், நடுவில் ஒரு மருத மரமும், மூலையில் வைக்கோல் கொட்டகையும். குட்டிகள் முட்டித் திறந்துவிடக் கூடாதென்று கதவுக்குத் தாழ் வெளிப்பக்கம். சாரல் காலத்தில் அருவிக்கு வரும் கூட்டத்தை ஏற்றிப்போகும் ஜட்காக்களில் பாதிக்கு மேல் இங்கே வளர்ந்த குதிரைகள்தான் ஓடின.

இளங்குதிரையைச் சும்மா நிறுத்தினால் கெட்டுப்போகும் என்பது கைலாசத்தின் கட்சி. கம்பத்தைக் கடிக்கும், ஒன்றையொன்று உதைக்கும், கடைசியில் வண்டிக்காரனைக் கடிக்கும். ஆகவே விளையாட்டுக் கொடுத்தார். தேங்காய் நார் திணித்த பெரிய தோல் பந்து. உருட்டினால் ஓட்டை வழியே கொள்ளு உதிரும் மண்குடம். கிளையில் தொங்கும் பழைய வண்டிச் சக்கரம். ஒவ்வொரு பந்துக்குள்ளும் தான் உடுத்திக் கிழிந்த வேட்டியில் ஒரு துண்டை வைத்துத் தைக்கச் சொல்வார். மனுஷ வாடையும் சந்தோஷமும் ஒன்றாகவே அவற்றுக்குப் பழகவேண்டும். தைப்பவள் அவர் மனைவி முத்துவடிவு.

"எனக்கு வாச்ச சக்களத்திக்கு நானே பந்து தைக்கேன் பாருங்க," என்று தைக்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

மலைக்காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டார். உயிர் போய்த் திரும்பியது என்றுதான் சொல்லவேண்டும். அந்த ஒரு மாதமும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் தம்பி தாணு. சாணி நாற்றம் ஆகாதென்று கல்கட்டுப் பக்கமே தலைவைக்காதவன் அவன். ரோட்டோரம் கிடக்கும் இந்த இடத்தில் ஒரு கொட்டகை போட்டுப் பஸ் விடலாம், ஜட்கா காலம் மலையேறிப் போச்சு என்று இரண்டு வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தவன். கைலாசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அப்படியும் அண்ணனுக்கு முடியவில்லை என்றதும் தினமும் தானே போய்த் தீனி வைத்தானே என்று நினைத்தபோது, படுக்கையிலேயே அவருக்குக் கண் கலங்கியதுண்டு.

இப்போது அந்தப் பந்தைத் தேடினார். சுவரோரம் கிடந்தது. தோலின் மேல் பாசி. குடத்தின் வாயில் சிலந்தி வலை. சக்கரத்தைக் காணோம். அது தொங்கிய கயிறு மட்டும் மருத மரத்திலிருந்து இறங்கி, மனிதத் தலை உயரத்தில் சுருக்கு விழுந்து நின்றது. அதன் அடியில் புல் வட்டமாகத் தேய்ந்து, வெறும் சேறாகக் கிடந்தது. சேறு முழுக்கக் குளம்புத் தடம். ஒன்றின் மேல் ஒன்றாக, ஆழமாக. குனிந்தார். ஈரமண் வாடைக்குள்ளிருந்து வேறொரு வாடை வந்தது.

கருப்பட்டி.

அன்று சாயங்காலம் வீட்டில் தாணுவிடம் கேட்டார். "ஏலே, பந்தை ஒண்ணுகூட தொடலை போலிருக்கே?"

"அதுவளுக்குச் சலிச்சிப் போச்சி அண்ணாச்சி. நானே புதுசா ஒரு விளையாட்டுக் காட்டிக் குடுத்திருக்கேன்."

"நீயா? நல்ல கதையா இருக்கே! என்ன விளையாட்டு?"

"நாளைக்கி நீங்களே வந்து பாருங்க. சொன்னா ருசிக்காது."

முத்துவடிவு கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏட்டி, அந்தத் தோள்ல ஒட்டுப்போட்ட சட்டை எங்க? காய்ச்சல்ல போட்டிருந்த துணி ஒண்ணையும் காணலையே."

"வெளுக்கப் போட்டது இன்னும் வரலைங்க," என்றாள். ஆற்றிய கஞ்சியை மறுபடியும் ஆற்றினாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் சாரல் பிடித்துக்கொண்டது. மலையே தெரியவில்லை. மேகம் இறங்கி, தென்னை மண்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. தூரத்து அருவி இரைச்சல், யாரோ ஓயாமல் அரிசி புடைப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. புறப்படும்போது முத்துவடிவு கருப்பட்டியும் கொள்ளும் ஒரு துணியில் முடிந்து, தானே அவர் மடியில் செருகிவிட்டாள்.

"குட்டிகளுக்குக் குடுங்க."

முடிச்சு வயிற்றோடு படிந்திருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கல்கட்டில் தாணு இல்லை. குட்டிகள் எதிர்க்கோடியில், மஞ்சுக்குள் மூன்று கறுப்பு நிழலாக நின்றன. கூப்பிட்டால் வரும். கூப்பிடவில்லை. அவருக்கே ஏனென்று தெரியவில்லை. சத்தம் காட்டாமல் கொட்டகைக்குள் போனார்.

வைக்கோலுக்கு அடியில் ஒரு கை தெரிந்தது.

வைக்கோலை விலக்கினார். பிறகுதான் பார்த்தார்: துணியில் தைத்த கை. இழுத்தார். சோளக்கொல்லைப் பொம்மை போன்ற உருவம். அவருடைய ஒட்டுப்போட்ட சட்டை. அவருடைய வேட்டி. அவருடைய துண்டில் முண்டாசு. காய்ச்சல் வியர்வையின் புளித்த நாற்றம் இன்னும் அதில் இருந்தது. வயிறு கிழிந்து தொங்கியது. கிழிசலின் ஓரத்தில் கருப்பட்டிப் பிசுபிசுப்பு, நாலைந்து கொள்ளு மணி.

அதன் அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அவர் துணி. மண்டை சப்பி, கழுத்தில் கயிற்றுத் தடம் பதிந்து, கால் முறுக்கி, சேறு ஏறி. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கிழிசல்.

முதலில் தாணுவைத்தான் நினைத்தார். பாவிப்பயலே. கூடப்பிறந்தவனை இப்படியா? பிறகு வயிற்றுத் தையலைப் பார்த்தார். இரட்டை இழை. கடைசியில் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்த குறுக்கு நறுக்கு. அந்தத் தையலை அவருக்கு இருட்டிலும் தெரியும். எத்தனை பந்து! எத்தனை வருஷம்! வியர்த்து நனைந்த சட்டையை இரவெல்லாம் மாற்றி மாற்றிக் கழற்றி எடுத்துப்போன கை.

வெளியே கல்கட்டுக் கதவின் தாழ் விழுந்தது.

ஓடினார். கதவை இடித்தார். "தாணு! ஏலே தாணு! திறலே!"

சாரல் இரைச்சல் மட்டும் கேட்டது.

திரும்பினார். குட்டிகள் வந்துகொண்டிருந்தன. வெறியில்லை, கோபமில்லை. காது முன்னால் குத்திட்டு, வால் தூக்கி, துள்ளித் துள்ளி. அவர் வளர்த்த குட்டிகள். விளையாட வந்தன.

மடியிலிருந்த முடிச்சைப் பிய்த்துத் தூர எறிந்தார். கருப்பட்டி புல்லில் சிதறியது. சங்கு அதை ஒருதரம் பார்த்தது. பார்த்துவிட்டுத் தாண்டி வந்தது. கீழே கிடப்பது தீனி. விளையாட்டு வேறே.

"துரை... நில்லுடா... நான்டா..."

அவர்தான் என்று அதற்கும் தெரிந்தது. கனைத்தது. சந்தோஷமாக.

அப்போதுதான் கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. முத்து! வந்துவிட்டாள்! என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை! பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

ரோட்டில் தாணு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இலஞ்சியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். "ஓடி வாங்கய்யா! எங்க அண்ணாச்சியைக் குதிரை மிதிச்சிக் கொன்னுட்டுதே!"

முத்துவடிவு கதவுக்கு நேரே சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்தாள். மாரில் அறைந்தாள்.

"ஐயோ என் மவராசா... என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியளே..."

"முத்து!" என்றார். "நான் இங்கன நிக்கேன்ட்டி. எனக்கு ஒண்ணும் ஆகலை. இன்னும் ஒண்ணும் ஆகலை."

ஒப்பாரி நின்றது. அவள் முகத்தைத் தூக்கினாள். இடுக்கு வழியே அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணீர் நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது.

அவர் இடுப்பில், பின்னாலிருந்து, சூடாக ஒரு மூச்சு.

அவரைப் பார்த்தபடியே முத்துவடிவு ஈரக் கையை எடுத்து, நெற்றிக் குங்குமத்தை அழித்தாள்.