பூட்டு வாய் திறந்த நாள்

சரிவின் தலைமாட்டில் கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடி மட்டும் திரும்பியிருந்தது.

வேறு யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைத்திருக்க மாட்டார்கள். படகுகளை வடம் கட்டிக் கரைக்கு இழுத்துப் பழுது பார்க்கிற பட்டறை அது. தண்ணீருக்குள் இறங்குகிற சிமெண்ட் சரிவு முழுக்கப் பாசி. செருப்போடு இறங்கினால் இடுப்பு முறியும். அதனால் இறங்குகிறவர்கள் மேலேயே கழற்றிவிடுவார்கள். கழற்றும்போதே நுனி ஊரைப் பார்க்கத் திருப்பியும் வைப்பார்கள், ஏறி வந்ததும் ஈரக்காலை அப்படியே நுழைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று. அங்கே கிடக்கிற செருப்பை யாரும் தொடுவதில்லை. செருப்பு இருந்தால் ஆள் கீழே வேலையாக இருக்கிறான், அவ்வளவுதான். அவனைத் தேடவும் மாட்டார்கள்.

இந்த ஜோடியின் நுனி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுந்த வாருக்கு நீலக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அது வலை தைக்கிறவருடையது என்று பூட்டுக்குத் தெரிந்தது. கீழே எட்டிப் பார்த்தாள். பாசி, தண்ணீர், தண்ணீர்மேல் ஒரு தக்கை. ஆள் இல்லை.

பூட்டு என்பது பட்டறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். பதினாலு வயதுப் பெண். கவிழ்த்துப் போட்ட ஓட்டைப் படகின் அடியில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் ஊமை என்றுதான் நினைத்தார்கள். ஒருநாள் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியபோது, காலைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் துடித்ததைப் பட்டறை வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அக்கா பார்த்துவிட்டாள். "இவ ஊமை இல்லடா, பூட்டு" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா சொன்னது சரிதான். கடலுக்கு அடியிலிருந்து பாடி ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்கிற ஓர் இனம் உண்டு. படகுக்காரர்கள் அவற்றை நீர்ப்பாடினி என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான். பூட்டின் அப்பா ஒருநாள் கடலிலிருந்து திரும்பும்போது மீன்கூடையில் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார். அந்தக் குழந்தைதான் பூட்டு. மூன்று மாதம் வளர்த்தார். பிறகு ஒரு காலை நேரத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகக் கடலுக்குள் நடந்து போய்விட்டார். அநாதை விடுதியில் இதை ஆயாக்கள் கதையாகப் பேசிக்கொண்டார்கள். பூட்டும் அதைக் கதையாகத்தான் கேட்டாள், ஆறு வயதில் குளியலறையில் அவள் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுக்கிற வரைக்கும்.

கண்ணிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வாசலில் இருபது பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடியில் இருந்த சமையல்காரருக்குப் படியைச் சுற்றி வரப் பொறுமையில்லை. ஜன்னல் வழியாக நேரே வந்திருந்தார். கீழே விழுந்த பிறகும், திரும்பிப்போன காலை இழுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஊர்ந்து வந்தார். அன்றைக்கே அவள் விடுதியை விட்டு ஓடினாள். அன்றைக்கு மூடிய வாய். ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துதான் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

வலைக்காரர் செருப்பைப் பார்த்த மறுநாள், சரிவில் அப்படி இரண்டு ஜோடி. இரண்டாவது, குரல் மேஸ்திரியுடையது. வடம் இழுக்கும்போது "ஏறி வா… ஏறி வா… ஏ!" என்று படகைப் பார்த்துக் கூவுகிறவர் அவர், அவர் கூவினால்தான் இருபது பேரின் கையும் ஒன்றாக இழுக்கும். அவர் செருப்பும் கடலைப் பார்த்தது.

"என்னடி பூட்டு, வலைக்காரர் ரெண்டு நாளா டீக்கு வரல. மேஸ்திரியையும் காணோம்" என்றாள் அக்கா, அவளுக்கு டீயும் நேற்றைய பன்னும் கொடுத்தபடி. "எங்கயாவது பாத்தியா?"

பூட்டு சரிவைக் காட்டினாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அட, செருப்பு கெடக்கே. கீழ வேலையா இருப்பாங்க. நான் ஒருத்தி, இல்லாததெல்லாம் யோசிச்சுக்கிட்டு." பாத்திரத்தைத் தேய்க்கத் திரும்பிவிட்டாள்.

பூட்டு பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வலைக்காரர்தான் படகின் ஓட்டையை மூடிக்கொள்ளத் தார்ப்பாய் கொடுத்தவர். மேஸ்திரி, ஆணி ஏறிய காலைத் தன் மடியில் வைத்துப் பிடுங்கி எடுத்தவர். தூக்கத்தில் நான்தான் பாடுகிறேனோ? அவள் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. எட்டு வருடமாக இறுக்கிப் பிடித்த குரல், அவள் கண் அசந்த நேரம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு வெளியே போகிறதோ? அன்றிரவு அவள் தூங்கவில்லை. வாயில் ஒரு துணியை வைத்து, அதன்மேல் இன்னொன்றைச் சுற்றிப் பின்கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு, விடிகிற வரைக்கும் படகுப் பலகையின் ஆணிகளை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. மேஸ்திரி இல்லாமல் வடம் இழுக்க முடியாதென்று ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். நாலு மணிக்கே அக்கா கடையில் விளக்கைப் போட்டுவிட்டாள். அந்த வெளிச்சம் கடைப் பலகையைத் தாண்டி வரவில்லை. தாரும் மீன்கழிவும் நனைந்த மரத்தூளும் கலந்த பட்டறையின் வழக்கமான நாற்றத்துக்குள் புதிதாக ஒரு வாசனை நுழைந்திருந்தது. குளிர்ந்த வாசனை, ரொம்ப ஆழத்திலிருந்து தூக்கி வந்த கல்லை முகர்ந்தால் வருமே, அது. படகின் அடியில் துணி கட்டிய வாயோடு உட்கார்ந்திருந்த பூட்டு அதை முகர்ந்துகொண்டிருக்கும்போதே, பட்டறைக்கு அடியில் கடலுக்குப் போகிற சாக்கடைக் குழாய்க்குள்ளிருந்து யாரோ பாடுகிற சத்தம் கேட்டது.

வார்த்தை இல்லாத பாட்டு. குளியலறையில் அவள் முணுமுணுத்த அதே ராகம். அதே குரல். அவளுடைய குரல்.

அவள் கையைத் தூக்கி வாயைத் தடவிப் பார்த்தாள். துணி அப்படியே இருந்தது. மூன்று முடிச்சும் அப்படியே இருந்தது.

ஒரு நிமிடம் அவளுக்கு அழுகை வந்தது, பயத்தால் அல்ல. நான் இல்லை. நான் யாரையும் கொல்லவில்லை. அந்த நிம்மதி கன்னத்தில் வழிந்து முடிவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. அவள் குரல் வேறு யாருக்கு இருக்க முடியும்? பெற்றவளுக்குத்தான். பதினாலு வருடம் கழித்துத் தன் பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறாள். பிள்ளை பாதி மனுஷி, பாட்டுக்கு முழுதாக மயங்க மாட்டாள், அதனால் வேறு வழியைப் பிடித்திருக்கிறாள். தார்ப்பாய் கொடுத்தவரை எடுத்தாள். ஆணி பிடுங்கியவரை எடுத்தாள். கரையில் பிள்ளைக்கென்று ஓர் ஆள்கூட இல்லாமல் செய்துவிட்டால், பிள்ளை தானாக எங்கே போகும்?

கரையில் மிச்சமிருப்பது ஒருத்திதான்.

பூட்டு படகுக்கு அடியிலிருந்து பாய்ந்து வெளியே வந்தாள். கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு சொட்டுப் பால் வீணானாலும் ஊரைக் கூட்டுகிறவள். அவள் அங்கே இல்லை.

சரிவுக்கு ஓடினாள். பனிக்குள் அக்காவின் முதுகு தெரிந்தது. செருப்பை அப்போதுதான் கழற்றியிருந்தாள். திருப்பி வைக்கவில்லை. பாசியில் ஒரு தடவைகூட வழுக்காமல், புடவை நனைவதைச் சட்டை செய்யாமல், தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். கணுக்கால். முழங்கால்.

பூட்டு பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இருபது லிட்டர் பால்கேனை ஒற்றைக் கையால் தூக்குகிற உடம்பு அது. பூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தது. பூட்டு அவள் தோளைக் கடித்தாள், துணி கட்டிய வாயால் கடித்து என்ன பயன்? தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். சமையல்காரரின் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"பாட்டு நல்லா இருக்குல்ல?" என்றாள் அக்கா. மறுபடி நடந்தாள்.

இடுப்புவரை தண்ணீர்.

பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. இரண்டு வருடம் ஒரு கேள்வி கேட்காமல் பன் கொடுத்தவள் இவள். பாடுகிறவள் என்ன கொடுத்தாள்? ஒரு மீன்கூடை. பூட்டு பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முதல் முடிச்சு. இரண்டாவது. மூன்றாவது. துணியைத் துப்பினாள்.

அவளுக்குப் பாட்டு தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடமாகத் தினம் காதில் விழுந்த ஒரே கூவல்தான் தெரியும்.

"ஏறி வா!"

எட்டு வருடம் அடைபட்ட குரல் கரகரவென்று உடைந்து வந்தது. அழகே இல்லை. அக்காவின் கால் நின்றது.

"ஏறி வா… ஏறி வா… ஏ!"

அக்கா திரும்பினாள். பூட்டு அவளைப் பார்த்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கிச் சரிவில் ஏறினாள், விழுந்தாள், முழங்கை பிளந்தது, எழுந்து மறுபடி கூவினாள். குழாயிலும் பனியிலும் தண்ணீரிலும் இருந்த பாட்டு சட்டென்று உயர்ந்தது. தேனாக இருந்தது. பூட்டின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது, பசித்த குழந்தை திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவள் பல்லைக் கடித்தாள். கூவினாள். அக்கா ஒவ்வோர் அடியாக ஏறினாள். முழங்கால். கணுக்கால். காய்ந்த சிமெண்ட்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் பூட்டுக்கு மனசு ஆறவில்லை. வலைக்காரர். மேஸ்திரி. அப்பா. எப்போதும் பெற்றவள்தான் கூப்பிடுவாள், மற்றவர்கள்தான் போக வேண்டும், இது என்ன நியாயம்?

"நீ கூப்பிட்டா நான் வரணுமா?" கடலைப் பார்த்துக் கத்தினாள். "பதினாலு வருஷம் எங்க போயிருந்த? நான் வரமாட்டேன். வேணும்னா நீ வா. ஏறி வா! ஏறி வாடி!"

பாட்டு நின்றது.

தண்ணீர் அசைந்தது. தண்ணீருக்கு வெளியே ஒரு தலை. முடியில்லாத, வெளுத்த, நீளமான தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்தான் இருந்தது. பூட்டு தினம் குட்டைத்தண்ணீரில் பார்க்கிற தன் கண். அது வர விரும்பவில்லை. நகத்தால் சிமெண்டைப் பற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்துகொண்டு, ஆனாலும் வந்தது. சரிவில் ஏறி வந்தது. அதற்குப் பின்னால் வலைக்காரர். மேஸ்திரி. அவர்களுக்குப் பின்னால் தெரியாத முகங்கள், முகமே இல்லாத முகங்கள், வரிசையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. பூட்டுக்கு முதுகுப் பக்கமும் சத்தம் கேட்டது. தெருவில் கதவுகள் திறந்தன. காலடிகள். அவள் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது.

பெற்றவள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். கல்லின் வாசனை. கை நீண்டது.

"நில்லு!" என்றாள் பூட்டு.

நின்றது. கை பாதியில் நின்றது. வரிசை நின்றது. முதுகுக்குப் பின்னாலிருந்த காலடிகளும் நின்றன. எங்கோ ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது, விழுந்தவர் முனகவில்லை. அத்தனை பெரிய அமைதியை அந்தத் துறை பார்த்திருக்காது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, வா, போலாம்" என்று சொல்ல வாயெடுத்தவள், அக்காவின் மார்பைப் பார்த்தாள்.

அது ஏறவில்லை. இறங்கவில்லை. அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா? அக்கா, நில்லுன்னு உன்னச் சொல்லல. நடக்கா. போக்கா."

அக்கா ஓரடி நடந்தாள். உதடு இன்னும் நீலமானது.

"மூச்சு விடு!"

அக்காவின் மார்பு விம்மித் தணிந்தது. வலைக்காரரின் மார்பும் தணிந்தது, அவர் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேஸ்திரியின் மார்பும். அவர்களுக்குப் பின்னால் பனிக்குள் மறைகிற வரிசை முழுக்க, முதுகுக்குப் பின்னால் தெரு முழுக்க, ஒரே நேரத்தில் ஒரே பெருமூச்சு. பிறகு மறுபடியும் அமைதி. எல்லாருடைய கண்ணும் அவள்மேல்.

அடுத்த மூச்சு வரவில்லை. அவள் சொல்லவில்லையே.

"மூச்சு விடு."

விட்டார்கள்.

"மூச்சு விடு."

விட்டார்கள். பூட்டின் தொண்டையில் ரத்தம் உப்புக் கரித்தது. எதிரே, நீட்டிய கையை மடக்காமல், பெற்றவள் பொறுமையாக நின்றிருந்தாள். அவள் மார்பு மட்டும் அசையவில்லை, அவளுக்கு அது தேவைப்படவில்லை. பூட்டு அக்காவின் குளிர்ந்த கையை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"இவளத் தரமாட்டேன்" என்றாள், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில். "மூச்சு விடு."

பனிக்குள் எத்தனை என்று தெரியாத நெஞ்சுகள் ஏறி இறங்கின.

"மூச்சு விடு."