மங்கிய அயோடின்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மாடி அலுவலகத்துக்குள் ரோஷினி நுழைந்ததும் ரக்ஷனாவின் முகம் இறுகியது. பள்ளியில் எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போன அதே ரோஷினி. இப்போது சிடி ஸ்கேன் ஆய்வாளர். ரக்ஷனாவோ, மருத்துவக் கருவிகளில் நடக்கும் கோளாறுகளைத் துப்பறியும் லாசரஸிடம் உதவியாளர். ரோஷினியுடன் அவளுடைய ஆய்வுக் கூட்டாளி ஆர்னால்டும் வந்திருந்தான்.

"எக்ஸ்ரே வோல்ட்டேஜைக் குறைச்சா, ரத்தத்துல ஏத்துற அயோடின் மருந்து படத்துல பளிச்சுனு தெரியும், அங்கிள். பாதி மருந்து போதும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு நல்லது," என்று லாசரஸிடம் சொன்னாள் ரோஷினி. "காலையில நான் விருந்தினரோட வெளியே நிக்க, ஒரு பிளாஸ்டிக் பொம்மையை ஸ்கேன் பண்ணிக் காட்டினோம். உள்ள அயோடின் குழாய் ஒண்ணு. அது மங்கிப் போச்சு. மானமே போச்சு."

"மெஷின் ஓட்டுன இம்ரான்தான்," என்றான் ஆர்னால்ட். "வோல்ட்டேஜை ஏத்திட்டு, மெஷின்ல பதிவான அளவையும் மாத்திட்டான். கடைசியா நான் உள்ள போய் பொம்மையை நேரா வச்சப்போ எல்லாம் ஓகே லா. நாளைக்கு அவனை வேலையை விட்டு அனுப்புறாங்க."

"இம்ரான் என்ன சொல்றார்?" என்று கேட்டார் லாசரஸ்.

"எதையும் தொடலையாம். வேற என்ன சொல்லுவான்?"

அவர்கள் கொண்டுவந்த ஸ்கேன் படத்தை லாசரஸ் திரையில் விரித்தார். "ரக்ஷனா, என்ன தெரியுது?"

ரோஷினியின் கணக்குத்தான் பிழை என்று சொல்ல ரக்ஷனாவுக்கு ஆசையாக இருந்தது. படம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பொம்மைக்குள்ள எலும்புக்குப் பதிலா வச்ச கம்பி பளிச்சுனு இருக்கு, அங்கிள். குழாய் மட்டும்தான் மங்கல். அதுலயும் அடியில வெள்ளை, மேல கருப்பு."

"வோல்ட்டேஜை ஏத்தியிருந்தா எலும்பும் சேர்ந்து மங்கியிருக்கும்," என்றார் லாசரஸ். "மெஷின்ல தப்பில்லை. குழாயில யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. அயோடின் மருந்து கனம், அடியில தங்கிடும். நேத்தே ஊத்தியிருந்தா ரெண்டும் கலந்திருக்கும். இது ஸ்கேனுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது."

"இம்ரானே ஊத்தியிருக்கலாமே?" என்றான் ஆர்னால்ட்.

"மெஷின் பட்டனே கையில இருக்கிறவருக்குத் தண்ணி எதுக்கு, தம்பி? ரோஷினி விருந்தினரோட வெளியே நின்னாங்க. கடைசியா உள்ள போனது நீங்கதான்னு நீங்களே சொன்னீங்க."

ஆர்னால்ட் ரோஷினியை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை ரக்ஷனாவுக்குப் புதிதல்ல. பள்ளிக் காலம் முதல் அவளும் அப்படித்தான் ரோஷினியைப் பார்த்து வந்திருக்கிறாள்.

"ரெண்டு பேரும்தான் உழைச்சோம்," என்றான் அவன். "கைதட்டல் இவளுக்கு மட்டும். ஒரு நாளாவது இவ தலைகுனியணும்னு தோணுச்சு. இம்ரான் மாட்டுவான்னு நினைக்கலை."

"ஆனா அவர் மாட்டினதும் நீங்கதானே அவரைக் கைகாட்டினீங்க," என்றார் லாசரஸ்.

ரோஷினி திட்டவில்லை. கைப்பேசியில் இம்ரானின் எண்ணை அழுத்தி ஆர்னால்டிடம் நீட்டினாள். "நீயே சொல்லு."

"ரோஷினிக்கா, என்னை அனுப்பிட்டாங்களா?" இம்ரானின் குரல் அறை முழுதும் கேட்டது.

ஆர்னால்ட் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆர்னால்ட் பேசறேன், இம்ரான். போகப்போறது நீ இல்லை. நான்."