காமிராவில் குங்குமம்

மணிமுத்தாறு மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர் சுந்தர்ராமன் முதன்முதலாக நேரில் வந்தது ஒரு உச்சிப்பொழுதில். இரண்டு வருஷமாக அவர் நகரத்தில் உட்கார்ந்தபடி, காமிராவும் சக்கரமும் வைத்த திரையில் முகம் காட்டித்தான் இங்கே வைத்தியம் பார்த்தார்.

"காமிராவத் துடைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லிட்டேன் சிஸ்டர்? அங்கேருந்து பாத்தா ஒரே செவப்பா தெரியுது."

"தெனமும் தொடைக்கேன் சார். இங்கன பாருங்க, பளிச்சுனுதான் இருக்கு," என்றாள் நர்ஸ் யூனிஸ்.

அந்தச் சிவப்பு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியும், கண்ணுகளா. ஆயுதபூஜை அன்று எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தவர்கள், காமிராவின் கண்ணிலும் வைத்துவிட்டார்கள். மறுநாள் வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்து இசக்கியம்மா வந்தாள். "ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு சார், காலப் பாருங்க" என்று யூனிஸ் கெஞ்சினாள். அவர் திரையில் குங்குமத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. துடைக்கச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

"பாத்துட்டேன். முள்ளுதான்" என்று இணைப்பை அறுத்துவிட்டார்.

டாக்டர் சொல்லாமல் விஷமுறிவு மருந்தை ஏற்ற முடியாது. விளக்கு வைக்குமுன் இசக்கியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அவள் கிடந்த கட்டிலருகே நின்று, அவரே பஞ்சால் காமிராவைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

ஈர வாழைச்சருகின் நாற்றம் அறைக்குள் பைய ஏறியது.

"காலுல என்னமோ குத்திருச்சு," என்றார்.

கணுக்காலில் இரண்டு துளி ரத்தம்.

தரையில் எதுவும் ஊரவில்லை.

அவருடைய இமைகள் தாமாகச் சரிந்தன. வாய் திறந்தது, நாக்கு புரளவில்லை.

யூனிஸ் நகரத்தை அழைத்தாள். திரையில் வந்தவள் இளம் டாக்டர் சுப்ரியா. "சிஸ்டர், எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரே செவப்பு. நீங்க பாத்ததச் சொல்லுங்க." யூனிஸ் சொன்னதைக் கேட்டதும், "மருந்த ஏத்துங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

பத்துக் குப்பி ஏறியும் அவர் பிழைக்கவில்லை. பாம்பின் விஷமாக இருந்தால் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் நெஞ்சுவலியோடு ஒரு மரம் ஏறுகிறவரைக் கொண்டுவந்தார்கள். படம் தெளிவாக வந்தது. ஆனால் சுப்ரியாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்," என்றாள் ரகசியக் குரலில். "கண்ண எடுக்கவே இல்ல."

அவள் அதைச் சொன்னது யூனிசைப் பார்த்து அல்ல. யூனிசின் தோளுக்குப் பின்னால் பார்த்து. அங்கிருந்து ஈர வாழைச்சருகின் நாற்றம் வந்தது.

யூனிஸ் திரும்பவில்லை.