செருகாத வயர்

லேப்டாப்பைப் பொருத்தி வைக்கும் டாக்கிங் ஸ்டேஷனின் பின்புறம் டெலிபோன் வயரின் ஒரு முனையைத்தான் சத்யப்பிரியா செருகியிருந்தாள். மறுமுனை இன்னும் தரையில் கிடந்தது. அதற்குள் பழைய லேப்டாப்பின் ஸ்பீக்கரில் டயல்டோன் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வேலம்பாளையம் பனியன் கம்பெனியின் மாடி ஆபீசில் அவளைத் தவிர யாரும் இல்லை. கீழே மிஷின்கள் ஓய்ந்திருந்ததால், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஊறிய சாய வாடையும், வெட்டுத்துணிக் குவியலின் பஞ்சு நெடியும், எங்கோ சொட்டும் குழாயின் சத்தமும் மெல்ல மெல்லப் படியேறி வந்து அறைக்குள் தேங்கிக்கொண்டிருந்தன. பல்லடம் கிளையில் இருக்கும் எம்பிராய்டரி மிஷின் பழசு. டிசைனைப் போன் லைன் வழியாக மட்டுமே வாங்கும். லேப்டாப்பின் சொந்த போன் சாக்கெட் உடைந்துபோனதால், அதை இந்த டாக்கின் மேல் பொருத்தித்தான் மோடத்தை இணைக்க வேண்டும். இன்றைக்கு அனுப்பாவிட்டால் நாளை அங்கே யாருக்கும் வேலை இல்லை.

பழைய சாமான், ஏதாவது டெஸ்ட் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுமுனையைச் சுவரில் செருகி டயல் செய்தாள். மணி போகவில்லை. மோடத்தின் வழக்கமான கீச்சொலியும் இல்லை. யாரோ எடுத்துக் காத்திருப்பதுபோல் ஒரு மூச்சு.

"வேலண்ணா, நீங்களாங்க?"

"வேலண்ணா, நீங்களாங்க?" என்றது ஸ்பீக்கர். அவளுடைய குரல். எதிரொலி என்று நினைத்தாள். பிறகு அது சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மூச்சு நிற்கவில்லை.

செல்போன் அடித்தது. பல்லடத்தில் அந்த மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேல்குமார்.

"சத்யா, இங்க ஒண்ணுமே வரலீங்களே. என்னாச்சுங்க?"

அண்ணா, இங்க என்னமோ இருக்குதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். வெறும் காற்று.

லேப்டாப் பதில் சொன்னது. "ஒண்ணுமில்லீங்கண்ணா. லைன் சரியில்லீங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"செரீங்க சத்யா." அவன் வைத்துவிட்டான்.

லேப்டாப்பை டாக்கிலிருந்து இழுத்தாள். வரவில்லை. பவர் வயரைப் பிடுங்கினாள். பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப்பின் திரை அணைந்தது. மூச்சு அணையவில்லை.

கீழே வண்டி ஹாரன். அவளைக் கூட்டிப்போகக் கணவன் சசிகுமார் வந்துவிட்டான். படிகளில் சின்னச் செருப்புகளின் சத்தம். மகள் நித்யஸ்ரீ.

வராதே. கத்தினாள். காற்று. ஓடிப்போய் வாசலில் கைகளை விரித்து நின்றாள்.

"நித்யா கண்ணு, உள்ள வா. அம்மா இங்கதான் இருக்கறேன்."

பின்னாலிருந்து அவளுடைய குரல்.

குழந்தை வாசலுக்கு வந்தாள். சத்யப்பிரியாவைப் பார்க்கவில்லை. விரித்த கைகளின் ஊடே, புகைக்குள் நுழைவதுபோல், நடந்துபோனாள்.

"அம்மா!"

நாற்காலியில் ஏறி, அணைந்த திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். திரைக்குள்ளிருந்து ஒரு கை, சத்யப்பிரியாவின் வளையல்களோடு, வெளியே நீண்டு குழந்தையின் முடியை மெதுவாகக் கோதத் தொடங்கியது.