சுவரில் விட்ட இடம்

“நீ அதைப் பார்த்தியா, இல்லையா?”

வீடு திரும்பும் ரயிலில் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் மடியில் சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கையில் மாமா கண்களை மூடியிருந்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, அக்காவுக்குப் புரியவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாமாவின் புரொஜெக்டர் எங்கள் வீட்டில் மறுபடி ஒளிர்ந்திருக்காது.

மாமா என்றால் அக்காவின் கணவர். தொழிற்சாலைகளில் எடை மெஷின்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. லாரி ஏறி நிற்கும் எடைமேடையிலிருந்து மாத்திரை நிறுக்கும் சின்னத் தராசு வரை எல்லாம் அவர் கைக்கு வரும். ஒருமுறை சோதித்தால் நம்ப மாட்டார்; இரண்டாம் முறை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். “மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது” என்பதை நாளுக்கு நான்கு முறையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் அக்கா வீட்டில் இருந்துகொண்டு அவள் மகள் சிட்டுவைப் பார்த்துக்கொண்டேன். சிட்டுவுக்கு ஐந்து வயது. நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் மாமா எனக்கு வைத்த பெயர் ‘ஊமை’.

அந்த முறை அவருக்கு வெளியூரில் நான்கு நாள் வேலை. விடுமுறைதானே என்று எங்களையும் அழைத்துப் போனார்.

ஹோட்டலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது நண்பகலில். மூன்றாவது மாடி, நீண்ட நடையின் கடைசி அறை. கதவருகே இருந்த துளையில் அட்டையைச் செருகியதும் விளக்குகள் எரிந்தன, ஏசி உறுமியது. இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, மூலையில் உயரத்தில் ஒரு சின்ன டிவி. கட்டிலுக்கு எதிரே வெறும் வெள்ளைச் சுவர். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. வாடை மட்டும் சரியில்லை. துவைத்த துணியைக் காயவைக்காமல் மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை.

“ரூம் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லணும்” என்றாள் அக்கா.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே தன் சினிமாப் பையைத் திறந்துவிட்டார். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும். உள்ளே தேங்காய் அளவில் ஒரு புரொஜெக்டர், உருண்டை ஸ்பீக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ரப்பர் பேண்டு போட்ட கேபிள்கள்.

“குளிச்சிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு இதைப் பண்ணக் கூடாதா?”

“ஒரே நிமிஷம்டி.”

“உங்க ஒரு நிமிஷத்துல ஒரு சீரியலே முடிஞ்சிடும்.”

மாமா சிரித்தார். அலமாரியிலிருந்து துணி தேய்க்கும் பலகையை எடுத்து விரித்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நிறுத்தினார். அதுதான் அவருடைய ஸ்டாண்டு. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிறகு பேன்ட் மாட்டும் ஹேங்கர்களை எடுத்துவந்து, அவற்றின் கிளிப்பால் ஜன்னல் திரைகளின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கவ்வவைத்தார், ஒரு கீற்று வெயில்கூட நுழையாதபடி. விளக்கை அணைத்தார்.

வெளியே பட்டப்பகல். உள்ளே என் கை எனக்கே தெரியவில்லை.

“இப்பப் பாரு ஊமை, இது ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினது. சுவத்தைத் தானே அளந்துக்கும். சுவத்துல ஒரு சுவிட்ச் இருந்தாக்கூட அதை விட்டுட்டு மிச்ச இடத்துலதான் படம் காட்டும். முன்னால எது நகர்ந்தாலும் மறுபடி அளக்கும்.”

புரொஜெக்டர் கண் திறந்தது. சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்ததுபோல் வரிசையாக. ஒரு நொடிதான். மாமா ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டிக்குள் துண்டு தேடிக்கொண்டிருந்தாள். சிட்டு தலையணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பார்த்தது நான் மட்டும்.

இடது பக்கத்தில் சில புள்ளிகள் சுவரில் விழவில்லை. சுவருக்கு முன்னால், காற்றில், ஒரு வளைவாக நின்றன.

புள்ளிகள் மறைந்து படம் வந்தது. ஆனால் சுவர் முழுக்க வரவில்லை. வலது பக்கமாக ஒதுங்கிச் சின்னதாகி நின்றது. இடது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு இருட்டு.

“என்ன இது? எதுவோ தடுக்குதாம்” என்று மாமா எழுந்துபோய்ச் சுவரைத் தடவினார். “ஒண்ணுமே இல்லையே.” கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “ஏசி காத்து இங்கதான் அடிக்குதுபோல. சில்லுனு இருக்கு.”

ஏசி எதிர்ச் சுவரில் இருந்தது.

மறுபடி அளக்கவிட்டார். மறுபடியும் அதே இருட்டு. பலகையை நகர்த்தி வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை படம் இன்னும் சின்னதானது. இருட்டு, சுவரின் நடுப்பக்கமாக ஓர் அடி நகர்ந்திருந்தது.

“மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்வீங்களே” என்று அக்கா சீண்டினாள்.

“இது மெஷினா? பொம்மை. எனக்கே பாடம் எடுக்குது!” அவர் குரலில் கோபம் ஏறியிருந்தது. செட்டிங்ஸில் போய்த் தேடினார். ‘தடையைத் தவிர்’ என்ற வரியில் நின்றார். அதை அணைத்தார்.

எனக்குத் தொண்டை வரை வந்தது. வேண்டாம் மாமா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

படம் சுவர் முழுக்கப் பரவியது. சிட்டுவுக்குப் பிடித்த கார்ட்டூன். நீலக் கடல், குமிழிகள், ஆரஞ்சு நிற மீன் ஒன்று. மாமா ஜெயித்துவிட்டதுபோல் சிரித்தார். சிட்டு கைதட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். மீன் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் நீந்தியது.

நடுவில் வந்ததும் அது உடைந்தது. வால் சுவரில் இருந்தது. தலை சுவருக்கு முன்னால், வேறெதன் மீதோ ஏறியது.

ஒரு தோளில் ஏறியது. கழுத்தின் குழியில் இறங்கியது. அடுத்து வந்த சின்ன மீன்கள் ஒரு முதுகின் மேல் நெளிந்து போயின. அந்த மேனிக்கு நிறம் இல்லை. கடலின் நிறம்தான் அதற்கும். சுவரைப் பார்த்தபடி அது நின்றிருந்தது. யாரையும் தொந்தரவு செய்யாமல், தன் பாட்டுக்கு.

நாங்கள்தான் அதன் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சியிருந்தோம்.

முதுகு அகலம் குறைந்தது. பக்கவாட்டில் ஒரு மூக்கின் நுனியில் நீலம் பட்டது.

அது திரும்பிக்கொண்டிருந்தது.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் குமிழிச் சத்தம். அதற்கிடையே இன்னொரு சத்தம். ஈரக் கால் தரையில் ஒட்டி, மெதுவாகப் பிரியும் சத்தம். ஒன்று. இன்னொன்று. வெளிச்சத்தை நோக்கி அது வரவர அதன் மேல் விழுந்த மீன்கள் சிறுத்தன, கூர்மையாயின. விரல் அளவு. நகம் அளவு.

பிறகு எங்கள் கட்டிலின் கால்மாடு அமுங்கியது. சிட்டுவுக்குப் பக்கத்தில்.

மெத்தை சரிந்ததும் சிட்டு அந்தப் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்தாள். “சித்தி, தள்ளி உட்காரு” என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கட்டிலின் தலைமாட்டில் இருந்தேன்.

கத்த வாய் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன். திரையை இழுத்தால் ஹேங்கர் கிளிப்புகள் விடவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். மேலே கொக்கிகள் படபடவென்று அறுந்து, திரை என் தலைமேல் விழுந்தது. அறைக்குள் வெயில் கொட்டியது.

யாரும் இல்லை. மெத்தையிலிருந்த பள்ளம் மட்டும் மெல்ல மெல்ல மேலெழுந்து சமமானது. சிட்டுவின் இடது கைச் சட்டை தோள் வரை நனைந்திருந்தது.

“ஏய் ஊமை! பைத்தியமா உனக்கு?” மாமாவின் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்கே பிடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சிரித்தார். “என்னடா பயங்காட்டுற? தைரியம் இருந்தா என் பின்னாடியே வா, பார்த்துக்கறேன்!”

அக்கா அவர் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

மாமா அலுவலகத்துக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்றார். ஒரு மணி நேரத்தில் அறையைக் காலி செய்தோம். ரயிலில்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஹோட்டல் அறையில் அவள் துண்டு தேடித் துணிப்பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள். நிமிர்ந்தபோது திரை விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நனைந்த சட்டைதான்.

வீட்டுக்கு வந்தபிறகு எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சிட்டு நன்றாகத்தான் விளையாடினாள். அக்கா மட்டும் மாமாவின் சட்டைகளை மறுபடி மறுபடி துவைத்தாள். “இந்த வெயில்ல காயப்போட்டும் ஈர வாடை போக மாட்டேங்குதே. என்ன சோப்போ” என்று அலுத்துக்கொண்டாள்.

அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும். அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிட்டு படம் கேட்டு அடம்பிடித்தாள். மாமா கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்து நாற்காலியில் புரொஜெக்டரை வைத்து, ஜன்னல்களைச் சாத்தினார். முதல் வேலையாக ‘தடையைத் தவிர்’ என்பதை உயிர்ப்பித்தார். புள்ளிகள் வந்தன. எதிர்ச் சுவரில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக விழுந்தன. படம் சுவர் முழுக்க நிறைந்து வந்தது.

“அப்பாடா” என்றாள் அக்கா. மாமா நெற்றியைத் துடைத்தபடி சோபாவின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா டீ கொடுத்தாள்.

“எனக்கு அந்தச் சுவத்துல வேணும்” என்று சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டிய சிட்டு, நாற்காலியோடு புரொஜெக்டரைத் திருப்பிவிட்டாள். வெளிச்சம் மாமாவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். புள்ளிகள் வந்து போயின. அவர் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுவிட்டுப் படம் இடது பக்கம் ஒதுங்கியது.

அக்கா கைகொட்டிச் சிரித்தாள். “பாருங்க, ரெண்டு ஆள் இடம் விட்டிருக்கு! இனிமேல் ராத்திரி ஒரு வேளை பட்டினி கிடங்க.”

மாமாவும் சிரித்தார். “நான் அவ்வளவு குண்டாடி?” பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் இருந்த இடம் இருட்டு. அவரை ஒட்டி, அதே அகலத்துக்கு இன்னோர் இருட்டு.

சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. குனிந்து சோபாவைப் பார்த்தார்.

பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது.

“நான் அப்பா பக்கத்துல” என்று சிட்டு ஓடினாள்.

“சிட்டு! அங்க உட்காராதே! அங்க இருக்கு அது!”

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. சிட்டு நடுவழியில் நின்றுவிட்டாள். நான் அவளை வாரி எடுத்துக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார்.

“பார்த்தியா?” என்றார், மூச்சுக் குரலில்.

“பார்த்தேன் மாமா. அன்னைக்கும் பார்த்தேன்.”

அவர் தலையசைத்தார். மெதுவாக நகர்ந்து சோபாவின் மறு ஓரத்துக்குப் போனார். புள்ளிகள் வந்தன. படம் வலது பக்கம் தாவியது. இப்போதும் இரண்டு ஆள் இடம்.

இரண்டாம் முறை சோதித்தாகிவிட்டது.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். சோபாவில் இரண்டு பள்ளங்களும் ஒன்றாக மேலே எழும்பின. சுவர் முழுக்கக் கடல் நிறைந்தது. சிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். மாமா அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். தரையில் ஈரக் கால் பிரியும் சத்தம் கேட்டது. அவர் நின்றுவிட்டார். வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

“எங்க போறீங்க? என்னங்க? போனையாவது எடுத்துக்கோங்க” என்று அக்கா பின்னாலேயே போனாள்.

அவர் திரும்பவில்லை. கதவைத் திறந்தார். வெளியே மதிய வெயில் தரையில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில், வேறொருவருக்கு முதலில் வழிவிடுவதுபோல ஒரு கணம் ஒதுங்கி நின்றார். பிறகு அவரும் வெளியே போனார்.